மூன்றாவது படகு

மணியின் பிணம் தேவனேரிக் கரையில் ஒதுங்கியது.

பாதிப் படகும் கூடவே...!

பத்தடி தள்ளி நின்று இறால் வடை தின்றுகொண்டிருந்தான் ஸ்டான்லி. அந்தப் படகைச் செய்து விற்றவன். இன்ஸ்பெக்டர் ஜெனிட்டா பிணத்தை விட்டு அவனிடம் வந்தாள்.

“பாறைல இட்ச்சிகினு பூட்டான் மேடம். தண்ணி போட்டிருப்பான். என் போட்டு ஒடையாது. எபாக்ஸி பிசின்ல நானோ சிலிக்கா கலந்து செஞ்சது. மாவு மாதிரி கீதே, அந்தப் பொடி... விரிசல் வுட்டாலும் பரவாம மறிச்சிக்கும்.”

“இதே மாதிரி எத்தினி வித்த?”

“இன்னும் பத்து. எல்லாம் கடல்ல கீது. இவன் தம்பி கார்த்தி கூட ஒண்ணுல போயிருக்கான்.”

சொல்லிவிட்டு அடுத்த வடையை எடுத்தான்.

சீ!

கடலில் இருந்த படகுகளை ஜெனிட்டா ஏற்கெனவே வாக்கி டாக்கியில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டாள். யாரும் திரும்பவில்லை. நல்ல மீன்பாடு, வலை நிறைகிற நேரம். படகு மோசம் என்று செய்தவனே சொன்னால்தான் நம்புவார்கள்.

“அப்ப வாய்யா. உன் போட்டுலயே ஒரு ரவுண்டு போலாம்.”

“தாராளமா மேடம்.”

கரையில் மூன்று புதுப் படகுகள். மூன்றும் ஒரே நீலம். ஸ்டான்லி இரண்டைத் தாண்டிப்போய் மூன்றாவதில் ஏறினான்.

ஜெனிட்டா அதைக் கவனித்தாள்.

எஞ்சினைப் பிடித்தவன் எல்லப்பன். ஸ்டான்லியின் பட்டறையில் பிசின் கலக்குபவன்.

கரை சின்னதாகிப் போனதும் எல்லப்பன் வாயைத் திறந்தான்.

“அண்ணாத்த... நீ குடுத்த நானோ பொடிய நான் வித்துட்டேன். இதுலயும் சாக் பவுடர்தான்.”

ஸ்டான்லியின் கையிலிருந்த வடை நழுவியது.

“டேய்... இது என் சொந்த போட்டுடா! இதுக்கு மட்டும்தானேடா நெசப் பொடி வாங்கியாந்தேன்... திருப்புடா!”

“மத்த போட்டுக்கு?” வாக்கி டாக்கியை அவன் வாயருகே நீட்டினாள் ஜெனிட்டா.

“எல்லாம் சாக் பவுடரு மேடம்... மணி போட்டும் அதான்... திருப்பச் சொல்லுங்க...”

பத்துப் படகுகளும் கேட்டன.

பத்தும் திரும்பின. கார்த்தி ஒன்பதாவதாகக் கரையேறினான். அண்ணனைப் பார்த்ததும் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

ஜெனிட்டா எல்லப்பன் பக்கம் திரும்பினாள்.

“யோவ், அந்த போட்டுல என்னையும் ஏத்திட்டியே?”

“உண்மை வெளிய வரட்டும்னு சும்மா சொன்னேன் மேடம். அதுல இருக்கிறது அசல் நானோதான். போட்டு ஸ்ட்ராங்கு. ஓனருதான் சாக் பவுடரு.” இளித்தான்.

ஜெனிட்டா கைவிலங்கை எடுத்தாள்.

“மத்த போட்டுல சாக் பவுடர் கலக்குன கை எது? நீட்டு. இந்த விலங்குல கலப்படம் இல்ல.”