மலையேறிய நீறு

செப்பைத் திறந்து விரல்களை உள்ளே விட்டபோது சோதிலிங்கத்தின் நடுவிரலில் ஏதோ குத்தியது. திருநீறு குத்துவதில்லை. நாள்தோறும் மாலையில் விளக்கேற்றி, ஒரு பதிகம் முழுதும் பாடி, நெற்றி நிறையப் பூசிவரும் அவருடைய விரல்கள் அதன் மென்மையை நன்கு அறியும். எடுத்ததை உள்ளங்கையில் ஏந்தி யன்னலோரம் கொண்டுபோனார். யூலை மாதத்து நோர்வேயில், எல்லிங்ஸ்ருட்டில், மாலை ஏழு மணிக்கும் வெயில் தணியவில்லை. எதிர்மாடியின் பல்கனிகளில் பூச்சட்டிகள் ஒளிர்ந்துகொண்டிருந்தன. அந்த வெளிச்சத்தில் அவர் கையில் கிடந்தது வெண்மையன்று, சாம்பல்நிறம். திருநீற்றுக்குரிய கற்பூர மணம் இல்லை. சுட்ட சுண்ணாம்பின் வறண்ட நெடி. நடுவே அரிசிக்குறுணியளவில், நுண்துளைகளோடு, ஓர் என்புத்துண்டு.

பூசையறை அலுமாரியின் கீழ் இழுப்பறையை இழுத்தார். பட்டுத்துணிக்கடியில் அவர் ஒளித்துவைத்த செப்பின் இடத்தில் அதனுடைய இணைச்செப்பு இருந்தது. திருமணத்துக்குச் சோடியாக வந்த பித்தளைச் செப்புகள் அவை. திறந்தால், அடியில் ஒட்டியபடி, மணக்க மணக்கச் சிறிதளவு நல்ல திருநீறு.

அவர் மனைவி சிவநாயகி தைமாதக் கடைசியில் இறந்தவள். அவளுடைய அஸ்தியைக் கடலில் கரைத்த அன்று, துளியும் மிச்சம் வைக்கலாகாது என்று ஐயர் இருமுறை சொன்னார். சோதிலிங்கம் தலையாட்டினார். ஆனால் முதல்நாளே ஒரு பிடி எடுத்துச் செப்பிலிட்டு மறைத்திருந்தார். என்றோ ஒருநாள் ஊருக்குப் போய்க் கீரிமலைக் கடலில் கரைப்பேன் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். உண்மையில் அவளை முழுதும் விட மனம் வரவில்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை. மகள் மயூராவுக்கும்.

தன் பயணத்துக்கு முதல்நாள் பூசையறையைத் துடைத்தவள் மயூரா. "திருநீறு முடியுது அப்பா. கீழ இருந்ததை மேல எடுத்து வைச்சிருக்கிறன்" என்று அவள் சொன்னது இப்போதுதான் அவர் காதில் விழுந்தது. மறுநாள் வாசலில், கலங்கிய கண்ணோடு, அந்தச் செப்பிலிருந்து அள்ளி அவள் நெற்றியில் மூன்று குறி இழுத்தவர் அவர். வழக்கப்படி ஒரு சிட்டிகையை அவள் நாக்கில் இட்டவர் அவர். இன்னும் கொஞ்சத்தைக் கடதாசியில் மடித்து, "காலமை காலமை பூசு பிள்ளை" என்று கொடுத்தவரும் அவரே. அவள் போன பிறகு தனியே விளக்கேற்ற மனமின்றி, இன்றுதான் மறுபடி செப்பைத் திறந்திருந்தார்.

மயூரா இன்று கிளிமஞ்சாரோ மலையில் முதல்நாள் கூடாரத்தில் இருந்தாள்.

அழைப்பு வந்தது.

"அப்பா! சாப்பிட்டனீங்களோ? இஞ்சை ஒரே காடு. நாளைக்கு மேகத்துக்கு மேல போயிடுவம்."

அவளோடு வைத்தியசாலையில் வேலைசெய்யும் ஐந்து நோர்வேஜியர்கள், வழிகாட்டி கிளெமென்ற், சுமைதூக்கிகள். ஆறு நாள் ஏற்றம். மாலைதோறும் கிளெமென்ற் எல்லோருடைய விரலிலும் ஒரு கிளிப்பை மாட்டி, இரத்தத்தில் ஒக்ஸிஜன் எவ்வளவு என்று பார்த்துக் குறித்துக்கொள்வானாம்.

"எனக்குத் தொண்ணூற்றாறு. நீங்கள்தான் பஸ் ஏறினாலே தேவாரம் படிக்கிற ஆள். பயப்பிடாதேங்கோ."

சொல்ல வாயெடுத்தார். தாயின் சாம்பலை மகளுக்கு ஊட்டினேன் என்பதை எந்தத் தகப்பன் எந்தச் சொல்லால் சொல்வான்? அந்தத் தயக்கத்தின் இடையில், அவளுடைய குரலுக்குப் பின்னால், அவர் ஓர் ஓசையைக் கேட்டார். நனைந்த துணியை மெல்ல மெல்லக் கிழிப்பதுபோல் நீண்டு, முடியாமல் முறிந்து, மறுபடி தொடங்கும் இழுப்பு. நுரையீரல் இறுகிய சிவநாயகியின் கட்டிலருகே பதினொரு கிழமைகள் இரவும் பகலும் அவர் கேட்டிருந்த இழுப்பு.

"பக்கத்திலை ஆரு பிள்ளை?"

"ஒருத்தரும் இல்லை. கூடாரத்துக்குள்ள நான் தனிய."

மறுநாள் அலைத்தொடர்பு இல்லை. சோதிலிங்கம் செப்பை எடுத்துக்கொண்டு ரயிலேறிக் கடற்கரைக்குப் போனார். மிஞ்சியிருந்ததையெல்லாம் நீரில் சொரிந்து, திரும்பிப் பாராமல் நடந்தார். நீர் அதை உடனே ஏற்றுக்கொண்டது. ஆனால் மலையேறிய நீறு மலையில்தான் இருந்தது.

மூன்றாம் மாலை அவள் குரல் தடித்திருந்தது.

"மரதன் ஓடுறவை எல்லாம் சத்தி எடுக்கினம் அப்பா. ஒருத்தருக்கும் எண்பத்திரண்டுக்கு மேல இல்லை. எனக்குத் தொண்ணூற்றெட்டு! உனக்கு ரெண்டு நெஞ்சோ எண்டு கிளெமென்ற் பகிடி பண்ணுறார்." சிரித்தாள். சிரிப்போடு இழுப்பும் சேர்ந்து சிரித்தது. "மோதிரவிரல் மட்டும் மரத்துப்போச்சு. இடக்கையிலை. நுனி இல்லாத மாதிரிக் கிடக்கு."

எண்பதுகளில், வடநோர்வேயில், பாட்ஸ்பியோர்ட்டின் மீன் தொழிற்சாலையில், சிவநாயகியின் இடக்கை மோதிரவிரல் நுனியை இயந்திரம் கொண்டுபோயிருந்தது.

"பிள்ளை, நான் தந்த திருநீற்றை இனிப் பூசாதை. எறிஞ்சுவிடு."

"ஏன்? இவையள் எல்லாரும் ஆசைப்பட்டுக் கேட்டவை. இண்டைக்குக் காலமை எல்லாருக்கும் பூசிவிட்டனான். கிளெமென்றுக்கும். நீங்கள் செய்யிற மாதிரி நாக்கிலையும் வைச்சனான்."

இணைப்பு அறுந்தது.

நான்காம் நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் மாலை, மயூரா எழுதிவைத்துப்போன வழிகாட்டியின் எண்ணுக்கு அவரே அழைத்தார். அவளைக் கீழே இறக்கிவிடு, எவ்வளவு செலவானாலும் இறக்கிவிடு என்று தம் உடைந்த ஆங்கிலத்தில் மன்றாடினார். கிளெமென்ற் பொறுமையாகக் கேட்டான். மற்ற ஐந்து பேரையும் இறக்கவேண்டியிருக்கலாம் ஐயா, உங்கள் மகளை எந்தக் காரணம் சொல்லி இறக்குவேன், அவளுக்குத் தொண்ணூற்றொன்பது என்றான். பின்பு குரலைத் தாழ்த்தி, இரவில் அவளுடைய கூடாரத்தில் கதைக்கும் முதிய பெண் யார் என்று கேட்டான்.

தொலைபேசியை மகளிடம் கொடுக்கும்படி சோதிலிங்கம் கேட்டார்.

மயூரா தொலைபேசியை வாங்கினாள். கூடாரத்துணியைக் காற்று அறைந்தது. இழுப்பு இப்போது பின்னால் இல்லை. அவளுடைய சொற்களுக்குள்ளேயே இருந்தது.

"அது திருநீறில்லை பிள்ளை" என்றார். "அது அம்மா. நான்தான் ஒளிச்சு வைச்சனான். நான்தான் உனக்கு... பிழை என்னிலைதான். இறங்கி வா ராசாத்தி."

இழுப்பு நின்றது.

காற்றும் நின்றதுபோலிருந்தது.

"தெரியும்" என்றது குரல்.

அதன்பின் அந்த எண் ஒலிக்கவேயில்லை.

விளக்கின் முன்னால் அமர்ந்தார். பயணம் போனவரைக் காக்கும் பதிகம் ஒன்றை எழுபது முறையேனும் அவர் பாடியிருப்பார். கண்ணை மூடினால் எழுத்தெழுத்தாக வரும். வாய் திறந்தார். முதலடி வரவில்லை. இறைவனுடைய பெயர் வந்தது. பெயருக்குப் பின் மூச்சு வரவில்லை. மூவாயிரம், நாலாயிரம், ஐயாயிரம் மீற்றர். இங்கே சோபாவிலிருந்து ஒரு கிழவன் என்ன செய்ய முடியும்? கையிலிருப்பது ஒரு தொலைபேசி. நெற்றியிலிருப்பது ஒரு கோடு. யன்னலுக்கு வெளியே இருள் வரவேயில்லை. வெளிறிய வானம் நெடுநேரம் வீட்டுக்குள்ளே பார்த்துக்கொண்டு நின்றது.

காலை ஆறு மணி.

திரை ஒளிர்ந்தது. வீடியோ அழைப்பு. மயூரா.

பச்சை அம்புக்குறியைத் தொட்டார்.

உச்சி. பனிக்கட்டிச் சுவரில் இளவெயில். யாரோ தொலைபேசியைக் கல்லில் சாய்த்துவைத்திருந்தார்கள். வரிசையாக முழந்தாளிட்டிருந்தனர் ஐந்து நோர்வேஜியர்களும் கிளெமென்றும். நெற்றிகளில் சாம்பல். வாய்கள் திறந்திருந்தன. நாக்குகள் சாம்பல்நிறம். ஆறு தலைகளும் ஒரே பக்கமாய், சற்றே இடப்புறம், சாய்ந்திருந்தன. சிவநாயகி எதையேனும் உற்றுக் கேட்கும்போது சாய்வதுபோல.

நடுவில் அவள் நின்றாள். மயூராவின் சிவப்பு மேலங்கி. மயூராவின் முகம். முகம் முழுதும் நீறு. கையுறை இல்லாத இடக்கையை உயர்த்தி, நெற்றியில் விழுந்த மயிரை ஒதுக்கினாள்.

மோதிரவிரல் குட்டையாக இருந்தது.

"பிள்ளை" என்றார் சோதிலிங்கம். "மயூரா."

அவள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். தடையில்லை. முறிவில்லை. நீண்ட, முழுமையான, பசிதீர்ந்த மூச்சு. பின்பு, முப்பத்தைந்து ஆண்டுகளாக இந்த வீட்டுச் சமையலறையிலிருந்து சிவநாயகி அவரை அழைத்த அதே வாஞ்சையோடு, கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ. இப்ப மூச்சு நல்லா வருது."

அவளுக்குப் பின்னால், எங்கோ ஆழத்தில், நனைந்த துணி கிழிவதுபோல் ஓர் இழுப்பு தொடங்கியது. முறிந்தது. மறுபடி தொடங்கியது. அந்த இழுப்பு சொற்களாகத் திரள முயன்றது.

"அப்... பா... அப்... பா..."