புளி தூக்கல்

மாலை ஐந்து மணிக்குப் பெரம்பூர் பக்கத்துக்குப் பசி வரும். அதற்குள் வாழைத்தண்டு சூப் கொதித்திருக்க வேண்டும், வெங்காயம் சிவக்க வறுபட்டிருக்க வேண்டும். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். எங்கள் காலத்தில் பசி சொல்லிவைத்த நேரத்துக்கு வருவதால், பறக்கிற பத்தும் ஒரே நேரத்தில் ரோட்டைத் தாண்டி என் கடைக்குள் வந்து விழும்.

என் கடை வியாசர்பாடியில், மேம்பாலத்துக்கு அடியில் இருக்கிற அத்தோ கடை. பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த என் முன்னோர் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸ் இப்போது கடற்பாசி மாவில் வருகிறது. மற்றபடி அதே புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், நொறுக்கிப் போட்ட பேஜோ என்கிற மொறுமொறுத் தட்டை, எல்லாவற்றையும் கையால் பிசைகிற அதே வேலை. சூப் எத்தனை தடவை கேட்டாலும் ஊற்றுவேன். கூலிக்காரர்கள் வயிறு நிறைய சாப்பிட இந்த வட்டாரத்தில் வேறு இடம் கிடையாது.

காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், எல்லோருக்கும் ஒரு பசிவில்லை உண்டு. அரிசியும் தண்ணீரும் அருகிப்போன காலத்தில் உணவு ஆணையம் கொண்டுவந்த ஏற்பாடு. நாளுக்கு ஒரு பசி, ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு நேரம். அந்த நேரத்தில்தான் நாக்கு நாக்காக இருக்கும். மற்ற நேரத்தில் அமிர்தத்தையே வைத்தாலும் ஈரக் காகிதத்தை மெல்வதுபோல் இருக்கும், குடலைப் புரட்டும். குறை சொல்ல மாட்டேன். பட்டினியால் ஒருவர் செத்தார் என்று நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

கடைக்காரர்களுக்கு விடியற்காலைப் பசி. நான் அப்போது கஞ்சி குடிப்பதோடு சரி. என் கையால் பிசைந்த அத்தோவை நான் ஒருநாளும் ருசித்ததில்லை. அதனால் எங்களைப் போன்ற கடைகளில் ஒரு வழக்கம் உண்டு: முதல் வாய் வைக்கிறவர் உப்பு, புளி, காரம் எப்படி என்று உரக்கச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நான் கரண்டியோடு போய் நிற்பேன். குருட்டுச் சமையல்காரிக்கு வாடிக்கையாளர்தான் கோல்.

சிங்காரவேலு அண்ணன் தினமும் ஐந்து மணிக்குத் தன் மகள் நிறைமதியோடு வந்து ஓரத்து மேசையில் உட்காருவார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மனைவி போனபின் மகளைத் தனியாக வளர்த்தவர். அவருக்கும் அவளுக்கும் முன்பெல்லாம் மதியப் பசி. பெரம்பூரில் கல்யாணம் ஆனதும் அவள் நேரம் மாறினாள். கல்யாணமென்றால் பெண்தானே நேரம் மாற வேண்டும், மாப்பிள்ளையின் வயிறு தங்கமாயிற்றே! ஓர் உடம்புக்கு ஒரே ஒரு நேரமாற்றம்தான் தாங்கும் என்பது விதி. திரும்ப வர வழியில்லை. ஆகவே அப்பா தன் மாற்றத்தை எழுதிக் கேட்டு மாலைக்கு வந்துவிட்டார் என்றுதான் நிறைமதி நம்பியிருந்தாள். நானும் நம்பினேன்.

முதல் வாய் வைத்ததும் அண்ணன் கண்ணை மூடி, "மரகதம், புளி கொஞ்சம் தூக்கல்" என்பார். மகள் சிரிப்பாள். "எங்கப்பாவுக்கு நாக்கு முழ நீளம் அத்தே" என்பாள்.

ஒருநாள் அவர் சொன்னாரே என்று புளியைக் குறைத்தேன். மறுநாளும் தூக்கல் என்றார். இன்னும் குறைத்தேன். நான்காம் நாள் பக்கத்து மேசை லோடுமேன் தட்டை என் முன்னால் தள்ளினான்.

"இன்னாக்கா இது, புளியைக் கண்ணுலயே காட்டல? வெறும் நாரு மாதிரி கீது!"

அந்த நேரம் பார்த்து ஓரத்து மேசையிலிருந்து குரல் வந்தது. "மரகதம், புளி தூக்கல்."

என் கை அப்படியே நின்றது. மகள் பஸ் ஏறிப் போகும்வரை பொறுத்தேன். பிறகு அண்ணனைத் தேடினால், கடைக்குப் பின்னால் சாக்கடை ஓரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். சட்டைக்குள் மனிதரே இல்லை, எலும்பில் மாட்டி வைத்ததுபோல் இருந்தது.

"நேரம் மாத்திக்கினேன்னு சொன்னியேண்ணே?"

"துறைமுகத்துல சேர்ந்தப்பவே என் மாத்தத்தை வாங்கிக்கினாங்க, மரகதம். எனக்கு இன்னும் மதியம்தான்." வாயைத் துடைத்துக்கொண்டார். "அவளுக்குத் தனியா உக்காந்து சாப்பிடப் புடிக்காது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். மாப்பிள்ளைக்கு அந்த நேரம் வேலை."

"சரி, மதியமாச்சும் ஒழுங்கா சாப்புடுறியா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். எப்படிச் சாப்பிடுவார்? நேரம் தவறித் தின்றாலும் வில்லை அதை ஒரு நாள் சாப்பாடாகத்தான் எடுத்துக்கொள்ளும். மறுநாள் பசியைத் தராது. தின்றதை வாந்தியில் விட்டதெல்லாம் அதற்குத் தெரியாது. மகளோடு உட்கார்ந்த ஒவ்வொரு மாலைக்கும் ஒரு மதியத்தை இந்த மனிதர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அவகிட்ட சொல்லிடாதம்மா" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மறுநாள் அவர் வருவதற்கு முன்பே நிறைமதியை அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. ஓரத்து மேசைக்குப் போய், அப்பா வந்து உட்கார்ந்ததும் அவர் தட்டை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"யாருப்பா உன்னைக் கேட்டது?"

"மதி..."

"இனிமே சாயங்காலம் இந்தக் கடைப் பக்கம் வராத. வந்தா நான் வேற ரோட்டுல வீட்டுக்குப் போய்டுவேன். உன் நேரத்துக்கு நீ சாப்புடு. என் நேரத்துக்கு நான் சாப்புடுறேன்."

அவர் எழுந்து போனார். அவள் இரண்டு தட்டையும் முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு வாய்கூட வைக்காமல், பசிநேரம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். பசியோடு ஒருத்தி சாப்பிடாமல் இருந்து அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

அதன்பின் அண்ணன் மதியப் பசிக்காரர்களோடு வர ஆரம்பித்தார். அவள் அந்த நேரம் ஊரின் அந்தக் கோடியில் வேலையில் இருப்பாள். அதே ஓரத்து மேசை. முதல் சில நாள் வாய் வைத்ததும் அவருக்குக் கண் கலங்கிவிடும். எத்தனை காலம் கழித்து நாக்குக்கு ருசி வந்ததோ! மாலையில் அவள் வந்து, அவர் உட்கார்ந்த நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்து, முதலில் கேட்பது ஒன்றுதான்.

"அப்பா சாப்டாரா அத்தே?"

"சாப்ட்டாரு. காரம் போதாதுன்னு சொன்னாரு."

அவள் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமா, போதல" என்றாள். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு புத்தி வந்தது. அன்றிலிருந்து தினமும் ஓரத்து மேசைக்கு மட்டும் ஏதாவது ஒன்றை வேண்டுமென்றே கெடுத்தேன். மதியம் எப்படியோ அப்படியே மாலையிலும். ஒருநாள் பூண்டு அதிகம், ஒருநாள் வெங்காயம் கருகல். இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே குறையைச் சொல்வார்கள். நான் இவர் சொன்னதை அவளிடமும் அவள் சொன்னதை இவரிடமும் கொண்டு சேர்ப்பேன். சமையல்காரிக்கு இதைவிடக் கேவலம் இல்லை, ஆனால் நான் சந்தோஷமாகக் கெடுத்தேன். ஒரே தட்டில் சாப்பிட்டதுபோல் அவர்களுக்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அண்ணனுக்குக் கொஞ்சம் சதை பிடித்தது. மழைக்காலம் வந்ததும் அது மறுபடியும் இறங்க ஆரம்பித்தது. தட்டில் பாதி மிஞ்சியது. ஆணையத்து மருத்துவர் பார்த்துவிட்டு, வில்லை நன்றாக வேலை செய்கிறது, நேரத்துக்குப் பசியைக் கொடுக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

"அது கொடுக்குது மரகதம். வாங்கிக்கத்தான் உள்ள ஆள் இல்ல" என்று சிரித்தார். அவர் எப்போதும் இப்படி ஏதாவது சொல்கிறவர்தான் என்று நானும் சிரித்து வைத்தேன்.

நேற்று மதியம் உப்பே போடாமல் பிசைந்தேன். ஒரு கல் உப்புகூட இல்லை. எந்த நாக்கும் துப்பிவிடும். அண்ணன் ஒரு வாய் வைத்தார், மென்றார், விழுங்கினார். எதிரில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு பழைய மாதிரியே கண்ணை மூடிக்கொண்டார்.

"மரகதம், புளி கொஞ்சம் தூக்கல்."

அவருடைய சொந்தப் பசிநேரம் அது. வில்லை விழித்திருந்தது. சுற்றிலும் எல்லோரும் அள்ளி அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சூப் ஊற்றுவதுபோல் குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டேன். எனக்காக அவர் இன்னும் நாலு வாய் விழுங்கினார்.

மாலையில் நிறைமதி மழையில் நனைந்துகொண்டு வந்தாள். தலையைக்கூடத் துவட்டவில்லை.

"அப்பா சாப்டாரா அத்தே? இன்னிக்கு இன்னா குறை?"

தட்டை அவள் முன்னால் வைத்தேன். அதிலும் உப்பு இல்லை.

"சாப்ட்டாரு. உப்பே இல்லன்னு ஒரே சத்தம்" என்றேன்.

அவள் அவசரமாக ஒரு வாய் வைத்தாள். முகம் கோணியது. பிறகு, பல நாளாக நான் கேட்காத சிரிப்பைச் சிரித்தாள்.

"கரெக்டுதான்! சுத்தமா உப்பில்ல. எங்கப்பா நாக்கு நாக்குதான் அத்தே."

உப்பு டப்பாவை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று கையால் தட்டைப் பொத்திக்கொண்டாள். அப்பா சாப்பிட்டது போலவே சாப்பிடுகிறோம் என்று நினைத்து, கடைசி இழைவரை வழித்துச் சாப்பிட்டாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பி, அடுத்த ஆளுக்கு வெங்காயம் நறுக்கத் தொடங்கினேன்.