டேங்க்கைத் திறக்காதே!

போன் அலறியது.

சின்னவர் ஷேவிங் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னம் மழமழப்பு. மறு கன்னத்தில் நுரை.

"சொல்லு..."

"சின்னவரே, பட்டறைலேர்ந்து மெக்கானிக் பேசுறேன். உங்க படகோட எஞ்சின் ரெண்டையும் காலையிலேர்ந்து ஓட்டிப் பாத்துட்டேன். பூனைக்குட்டி மாதிரி உறுமுது. ஒரு குறையும் இல்ல!"

"அப்புறம் ஏன்யா ஒவ்வொரு தடவையும் நடுக்கடல்ல நின்னு தொலையுது? கயிறு கட்டி இழுத்துட்டு வர்றாங்க. அண்ணி முன்னாடி மானமே போகுது!"

"அதான் எனக்கும் புரியல. கரையில ஓடுது, கடல்ல நிக்குது. எனக்கு எஞ்சின் மேல சந்தேகமே இல்ல... டீசல் டேங்க் மேலதான். அதை ஒரு தடவை திறந்து பாத்துடலாம்னு..."

ரேஸர் வழுக்கியது.

வெள்ளை நுரையில் ஒரு சிவப்புக் கோடு!

"டேங்க்கைத் தொடாதே!"

மறுமுனையில் ஸ்பேனர் கீழே விழும் சத்தம்.

"ஏன் சின்னவரே இப்படிக் கத்துறீங்க?"

"க... கத்தல. எஞ்சின் ரெண்டும் கிழம். அண்ணன் காலத்துச் சரக்கு. தூக்கிக் கடாசிட்டுப் புதுசா ரெண்டு போடு!"

"டேங்க்கைக் கழுவுறது சின்ன வேலைங்க. எஞ்சினை மாத்தணும்னா தரையையே பெயர்க்கணும். கிரேன் வேணும். அடிப்பலகைய மாத்தணும்..."

"பெயர்த்துக்கோ. டேங்க் கிட்ட மட்டும் போகாதே. புரியுதா?"

"தலைவலின்னா தலையையே மாத்தச் சொல்றீங்க. சரி... தலை உங்களோடது!"

லைன் துண்டிக்கப்பட்டது.

சின்னவர் கண்ணாடியைப் பார்த்தார். கழுத்து வரை இரத்தம் இறங்கியிருந்தது.

கழுத்து...

அவருக்கு அண்ணனின் கழுத்து ஞாபகம் வந்தது.

துறைமுகத்தில் அண்ணன்தான் பெரியவர். இவர் சின்னவர். நரை விழுந்த பிறகும் சின்னவர்தான். அந்தப் பெயரே நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்த ஒரு நாளில், நடுக்கடலில், அண்ணன் கழுத்தில் கிடந்த சிவப்பு மஃப்ளரைப் பின்னாலிருந்து பிடித்து இறுக்கினார்.

அண்ணி பின்னிக்கொடுத்த மஃப்ளர்!

உடல் கடலுக்குள் போனது. மஃப்ளர் கையிலேயே தங்கிவிட்டது. அதை வீசக் கையை ஓங்கியபோதுதான்... தூரத்தில் ரோந்துப் படகு!

தண்ணீரில் போட்டால் மிதக்கும். சட்டைக்குள் வைத்தால் சோதிப்பார்கள்.

காலடியில் டீசல் ஊற்றும் குழாயின் மூடி!

திறந்தார். மஃப்ளரைத் திணித்தார். அளவு பார்க்கும் கம்பியால் குத்திக் குத்தி உள்ளே தள்ளினார். பிறகு ரோந்துப் படகைப் பார்த்து ஓவென்று அழுதார்.

"ஐயோ, அண்ணன் வழுக்கி விழுந்துட்டாரே! அந்தச் சிவப்பு மஃப்ளர் முங்குறதைக் கடைசியா என் கண்ணாலேயே பாத்தேனே!"

அதைப் போலீஸ் எழுதிக்கொண்டது. உடல் கிடைக்கவேயில்லை. டீசலில் ஊறி அந்தக் கம்பளி இந்நேரம் கூழாகியிருக்கும் என்று சின்னவர் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

தேற்றிக்கொண்டார்... அவ்வளவுதான். திறந்து பார்க்கத் துணிவில்லை!

அண்ணன் போனார். அண்ணனின் பாதிப் பங்கு அண்ணியிடம் போனது.

ஆகவே அண்ணியும் போக வேண்டும். கடலுக்குக் கூட்டிப்போன ஒவ்வொரு தடவையும் எஞ்சின் நடுவழியில் நின்று காரியத்தைக் கெடுத்தது.

சாட்சி இல்லாத தண்ணீர் வேண்டும். அதுவரை நிற்காமல் ஓடும் எஞ்சின் வேண்டும்!

* * *

பட்டறையில் பழைய எஞ்சின் சங்கிலியில் தொங்கியது. சொட்டுச் சொட்டாகக் கறுப்பு எண்ணெய்.

படகில் எஞ்சினைத் தூக்கிய குழிக்குள் மெக்கானிக் மல்லாந்து கிடந்தார். முதுகுக்குக் கீழே பூப்போட்ட ஒரு தலையணை!

"என்னய்யா இது? வேலை பாக்குறியா, தூங்குறியா?"

"அம்மா குடுத்தாங்க சின்னவரே. வெறும் இரும்புல படுத்துப் பாவம் முதுகு என்னத்துக்கு ஆகும்னு..."

அம்மா என்றது அண்ணியை. அவர் ஓரமாக நின்று பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வீட்டுல சும்மாதானே கிடந்துச்சு தம்பி" என்றார் அண்ணி. "நீங்களும் ஒரு வாய் டீ குடிங்க. கன்னத்துல என்ன காயம்?"

"ஒண்ணுமில்ல அண்ணி. நல்ல மனசு உங்களுக்கு... பட்டறைக்குத் தலையணை! நாளைக்குக் கிரேனுக்குப் போர்வை குடுப்பீங்களா?"

சிரித்தார். சிரித்தபடியே குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

எல்லாம் பெயர்ந்து கிடந்தது. டேங்க் மட்டும் இடது சுவரோடு ஒட்டிக்கொண்டு, கறுப்பாக, மௌனமாக, வயிறு உப்பிய மிருகம் போல...

அவரையே பார்த்தது!

"அதைத் தொடலையே?"

"நீங்கதான் தொடாதேன்னுட்டீங்களே" என்றார் மெக்கானிக், ஸ்பேனரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

சின்னவர் அண்ணியின் பக்கம் திரும்பினார்.

"வேலை முடிஞ்சதும் போயிட்டு வந்துடலாம் அண்ணி. அண்ணன் விழுந்த இடத்துல ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கும்பிட்டா உங்க மனசு ஆறும்."

"ஆமா தம்பி" என்றார் அண்ணி. "அது ஆறணும்."

* * *

புது எஞ்சின்கள் இரண்டும் பாடின!

கரை சிறுத்தது. கோடானது. காணாமல் போனது.

அலை எழும்பியது. வழக்கமாக மூச்சுத் திணறி நிற்கும் இடம் வந்தது...

நிற்கவில்லை!

சின்னவருக்கு விசிலடிக்கத் தோன்றியது. 'ஓட்டம் சரியான்னு கூட வந்து பாக்குறேன்' என்று கெஞ்சிய மெக்கானிக்கைக் கரையிலேயே கழற்றிவிட்டாயிற்று. சுற்றிலும் தண்ணீர். ஒரு பறவைகூட இல்லை.

வேகத்தைக் குறைத்தார். பின்தளத்துக்கு நடந்தார்.

அண்ணி முதுகைக் காட்டி, கை கூப்பி நின்றிருந்தார். தோள் முழுக்கச் சால்வை.

"இந்த இடம்தானா தம்பி?"

"இதேதான் அண்ணி. கண்ணை மூடிக்குங்க..."

இன்னும் நெருங்கினார். கைகளை உயர்த்தினார்.

மூக்கில் ஏதோ ஏறியது.

டீசல் நாற்றம்!

எஞ்சினிலிருந்து அல்ல... அண்ணியிடமிருந்து!

அண்ணி திரும்பினார். சால்வையை மெல்ல விலக்கினார்.

கழுத்தில்...

சிவப்பு மஃப்ளர்!

கறை படிந்து, நைந்து, ஆனால் சிவப்பாகவே!

சின்னவர் ஓரடி பின்வாங்கினார்.

"அவரோட சேந்து முங்குச்சுன்னு கண்ணால பாத்ததா சொன்னீங்களே தம்பி" என்றார் அண்ணி. குரல் நடுங்கவில்லை. "டேங்க்குக்குள்ள எப்படி வந்துச்சு?"

"தி... திறந்துட்டானா?"

"அவரு நல்லாத்தானே பாத்துக்கிட்டாரு உங்களை? காய்ச்சல்னா ராத்திரி முழுக்க உக்காந்திருப்பாரே... ஏன் தம்பி?"

"ஏனா? சாகுற வரைக்கும் நான் சின்னவராவே இருக்கணுமா?" சின்னவர் பாய்ந்தார். மஃப்ளரின் இரு முனைகளும் அவர் கையில். "அண்ணனுக்கு இதுவே போதுமா இருந்துச்சு... உங்களுக்கும் இதுவே போதும்!"

"எங்களுக்கும் இதுவே போதும்!"

பின்னாலிருந்து ஒரு குரல்.

கீழ் கேபின் கதவு திறந்திருந்தது. துப்பாக்கியோடு இன்ஸ்பெக்டர்! அவர் தோளுக்கு மேலே மெக்கானிக்கின் முகம்!

"கையை எடுங்க, சார். எனக்கு அலைன்னா வாந்தி வரும். விரல் தப்பா அழுத்திடப் போகுது!"

மஃப்ளர் நழுவியது. விலங்கு பூட்டிக்கொண்டது.

"தொடாதேன்னுதானேடா சொன்னேன்!" சின்னவர் மெக்கானிக்கைப் பார்த்துக் கூவினார்.

"சொன்னீங்க. ஆனா அம்மா எனக்குத் தலையணை குடுத்தாங்களே! எனக்கு வலிக்கும்னு யோசிச்சவங்க போற படகுல அழுக்கு டேங்க்கை விட்டுவைக்க மனசு வருமா? சும்மா கழுவி விடலாம்னு திறந்தேன். ரெண்டு எஞ்சினுக்கும் டீசல் உறிஞ்சுற குழாய் பக்கத்துல இது கிடந்துச்சு. அலையில ஆடி வந்து குழாய் வாயை அடைச்சிருக்கு. எஞ்சின் நின்னதும் கழண்டு கீழ விழுந்திருக்கு. அதான் கரையில நல்லா ஓடுச்சு! அம்மாகிட்ட காட்டினேன், அம்மா போலீஸுக்குச் சொன்னாங்க, நீங்க கயிறு அவிழ்க்கிறப்போ நாங்க ரெண்டு பேரும் கேபின்ல ஏறி ஒளிஞ்சுக்கிட்டோம்!"

அண்ணி மஃப்ளரைக் கழற்றி மடித்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அப்போதுதான் அவர் கண் கலங்கியது.

"ஒவ்வொரு தடவையும் தம்பி என்னைக் கூட்டிட்டு வந்தப்போ... அவருதான் போகாதேன்னு நிறுத்தியிருக்காரு."

மேலே இருப்பவர் எதைக்கொண்டு யாரைக் காப்பார் என்று எந்த எஞ்சினுக்குத் தெரியும்!

மெக்கானிக் சக்கரத்தைப் பிடித்துப் படகைத் திருப்பினார்.

"இன்ஸ்பெக்டர் சார்" என்றார் அண்ணி, சற்றுப் பொறுத்து. "லாக்கப்புல வெறும் தரையாமே... அந்தத் தலையணையைத் தம்பிக்குக் குடுக்கலாமா?"

சின்னவர் தலையைத் தூக்கவேயில்லை. கரை பெரிதாகிக்கொண்டே வந்தது. துறையில் போலீஸ் ஜீப் தெரிந்தது.

"இந்த எஞ்சின் இப்பவாவது நின்னு தொலையக் கூடாதா..." அவர் முனகியது எல்லோருக்கும் கேட்டது.

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார்.

"எப்படி நிக்கும் சின்னவரே? நீங்களே அடம்புடிச்சுப் போடச் சொன்ன புது எஞ்சினாச்சே... உங்களை உள்ளே தள்ளாம நிக்காது!"