உதட்டில் கவ்விய ஸ்பிரிங்

தொண்ணூற்றேழில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இருந்த இராமநாதனின் திருத்தக் கடைக்கு அந்தப் பழைய கம்பியூட்டர் கீபோர்ட் ஓர் உரப்பையில் வந்து சேர்ந்தது.

"ஆமிக்காரங்க விசாரண பங்களாவ மூடினாங்களே, அங்க கெடந்த சாமான். ஏலத்துல எடுத்தேன். கழுவித் தாங்க அண்ணன்," என்று சொல்லி வைத்துவிட்டுப் போனான் பழைய சாமான் வியாபாரி பஹ்மி.

இராமநாதன் எழுத்துக் கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டான். உள்ளே எட்டிப் பார்த்தான். முடி, பொடுகு, கரப்பான் கால், தேத்தண்ணீர் ஊறிக் காய்ந்த பிசின். சீ, மனிதர் தொட்ட சாமானா இது! ஊத்தை அவனுக்குப் பழக்கம்தான். இந்த நாற்றம் பழக்கமில்லை. கழுவாத இறைச்சிக் கடைப் பலகையின் நாற்றம்.

கட்டைகளுக்கு அடியில் இருக்கும் சின்ன ஸ்பிரிங்குகள் உருண்டு தொலையாமல் உதட்டில் கவ்விக்கொள்வது அவன் வழக்கம். அந்த அருவருப்புக்காக மனைவி கமலாசனி எத்தனையோ தரம் ஏசியிருக்கிறாள். எட்டாவது ஸ்பிரிங்கோடு வேறேதோ நாக்கில் ஒட்டியது.

துப்பினான்.

நகம்.

வெட்டி எறிந்த துண்டல்ல. வேரோடு வந்த முழுப் பெருவிரல் நகம். நடுவில் இரண்டாகப் பிளந்து வளர்ந்திருந்தது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கமலாசனியின் தம்பி பாலேந்திரனின் பெருவிரல் சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கியது. அதன் பிறகு நகம் இப்படித்தான் வளரும். போன வருஷம் பாலத்துச் சோதனையில் ஆமிக்காரர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்; பிறகு ஒரு தகவலும் இல்லை. இன்றைக்கும் அவள் மத்தியானத்தில் அவனுக்கென்று ஒரு கோப்பையில் சோறு போட்டு மூடி வைக்கிறாள்.

உள்ளதைச் சொன்னால் அவள் உயிரை விட்டுவிடுவாள். நகத்தைக் கடைக்குப் பின்னால் ஓடும் மகாவலியில் எறிந்தான். மூன்று தரம் வாய் கொப்பளித்தும் நாக்கில் ஒட்டிய உவர்ப்புப் போகவில்லை.

மத்தியானம் வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்தான். அவள் நாள்தோறும் கேட்பதையே கேட்டாள்.

"தம்பியைப் பற்றி ஏதும் கேள்விப்பட்டனீங்களே?"

"இல்லை" என்று சொல்ல வாயைத் திறந்தான்.

தொண்டையில் ஏதோ நகர்ந்தது.

ஓங்காளித்தான். எச்சிலும் சளியுமாகச் சோற்றில் விழுந்தது.

பிளந்த நகம்.

அவள் அலறவில்லை. அதை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். மூடி வைத்திருந்த கோப்பையைத் திறந்து, தம்பியின் சோற்றின் மேல் வைத்தாள்.

"மற்ற விரலுகளின்ரை நகம் எங்கையப்பா?" என்று மெல்லக் கேட்டாள்.

அவன் வாயைத் திறந்தான். அடுத்தது தொண்டையைச் சுரண்டிக்கொண்டு மேலே ஏறியது.