காற்றுப் பிடித்த பிரேக்

பிரேக் மெத்தென்று இருந்தது. தங்கவேல் முதலாளியின் காரைச் செருப்பில்லாமல் ஓட்டுகிறவன். பெடலின் குணம் அவன் உள்ளங்காலுக்குத் தெரியும். பழைய கம்பி பிரேக் கல்லாட்டம் நிற்கும். முதலாளி அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, புதுச்சேரியில் எண்ணெய் பிரேக் மாட்டிக்கொண்டு வந்ததிலிருந்து, மிதித்தால் பெடல் அடிப்பலகை வரைக்கும் அமுங்கிக்கொண்டே போகிறது. அதுகூடப் பரவாயில்லை. அமுங்கி முடிக்கும்போது, அடியில் யாரோ மூச்சை இழுத்துக்கொள்வதுபோல் லேசாக ஒரு நடுக்கம்.

வேறு நாளாயிருந்தால் வண்டியைத் தொட்டிருக்கமாட்டான். வீட்டில் மனைவி அம்சவள்ளிக்குக் காலையிலிருந்து வலி. தலைச்சன் பிள்ளை, கால் முன்னால் வந்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். மாட்டு வண்டி புதுச்சேரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கார்தான் கதி. போகிற வழியில் பாகூர் ஏரிக்கரையிலோ, மதகுக்கு முன்னால் சரிவில் ஒரு முரட்டு வளைவு. ஐப்பசி மழையில் ஏரி தளும்பி நின்றது.

"குழாய்ல காத்து பூந்துட்டா இப்படித்தான் மெத்துன்னு ஆவும். ஒருத்தன் மிதிக்கணும், ஒருத்தன் சக்கரத்தாண்ட திருகாணியத் தொறந்து காத்தை வுடணும்" என்று மெக்கானிக் சொல்லியிருந்தான்.

கழனி வேலைக்காரன் மரியதாஸை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, தங்கவேல் பின்சக்கரத்துக்கு அடியில் மல்லாந்து படுத்தான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கொட்டகைக் கீற்றின்மேல் மழை விடாமல் பெய்தது.

"மிதி."

"மிதிச்சேண்ணே."

திருகாணியைத் திறந்தான். அதில் மாட்டியிருந்த ரப்பர் குழாய் வழியே போத்தலுக்குள் குமிழிகள் வந்தன, பேதிக்குக் குடிக்கும் விளக்கெண்ணெய் வாடையோடு. மூடினான்.

"வுடு."

காற்று தீருகிற வழியாக இல்லை. போகப்போக எண்ணெய் வாடை போய், வெகுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்த வாடை வந்தது. மரியதாஸ் பதில் சொல்வதையும் நிறுத்திவிட்டான். சோம்பேறி, வாயைக்கூடத் திறக்கமாட்டான் என்று தங்கவேல் மனதுக்குள் திட்டிக்கொண்டான். வேலை மட்டும் நடந்தது. மிதி என்றால் போத்தல் கொப்பளித்தது. வுடு என்றால் அடங்கியது.

"மிதி."

கொப்பளித்தது.

"ண்ணே!" மரியதாஸின் குரல் தெருவிலிருந்து வந்தது. தொப்பலாக நனைந்து ஓடிவந்தான். "அண்ணியப் பாத்துட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான போனேன், காதுல வுழலயா? அதால முடியல, சீக்கிரம் எழுந்து வா!"

போத்தல் இன்னும் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

தங்கவேல் திருகாணியை இறுக்கிவிட்டு எழுந்து பார்த்தான். சீட்டு காலி. பெடல் மட்டும் பலகையோடு பலகையாகக் கிடந்தது.

"வுடு" என்றான்.

பெடல் எழுந்தது.

மரியதாஸ் சிலுவை போட்டுக்கொண்டு பின்வாங்கினான். எவ்வளவோ கூப்பிட்டும் வண்டியில் ஏறவில்லை. ஓடிவிடத்தான் தங்கவேலுக்கும் ஆசை. அம்சவள்ளியை விட்டுவிட்டு எங்கே ஓடுவது? அவளைத் தூக்கிவந்து பின்சீட்டில் கிடத்தினான்.

ஆள் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினான். ஏரிக்கரைமேல் ஏறியதும் விளக்கு வெளிச்சத்தில் குறுக்கே ஓர் எருமை. மிதித்தான். கால் அமுங்கியது, அமுங்கிக்கொண்டே போனது, வண்டி நிற்கவில்லை. பதறிக் காலை எடுத்துக்கொண்டான். வாய் தானாகச் சொல்லியது.

"மிதி."

வண்டி நின்றது.

"இன்னாங்க... யார்கிட்ட பேசறீங்க?" அம்சவள்ளி முனகினாள்.

"யாருமில்ல. நீ கண்ண மூடிக்கோ."

எருமை நகர்ந்தது. "வுடு" என்றான். வண்டி நகர்ந்தது. சொன்ன பேச்சைக் கேட்கிறதே, அதுபோதும். எதுவாயிருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும், இவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் சரி என்று அதைக் கும்பிடக்கூடச் செய்தான்.

சரிவு வந்தது. வளைவு. அம்சவள்ளி அலறினாள்.

"மிதி."

நிற்கவில்லை.

"மிதி! மிதி!"

என்ஜின் உறுமியது. வேகம் கூடியது. எதை மிதிக்கச் சொன்னான்? அவன் சொல்லவேயில்லை.

"வுடு! வுட்டுடு!"

பின்னால் அலறல் சட்டென்று நின்றது.

"இன்னாங்க." அவள் குரலில் வலியே இல்லை. "வயிறு காலியா இருக்குதுங்க."

குனிந்து பார்த்தான். பிரேக் பெடல் மேலேயே நின்றிருந்தது. பக்கத்தில் ஆக்சிலேட்டர் அடியோடு அமுங்கியிருந்தது. அதன்மேல், ரத்தமும் நீரும் வழிய, ஒரு பிஞ்சுக் கால்.