மௌனமா, மறதியா?

மழைக்கு ஒதுங்க அந்த பஸ் ஸ்டாப்பில் இருந்தது ஒரே ஒரு கூரை. அதன் கீழே அவளும் ஒரு பைத்தியமும்.

பைத்தியம் என்றுதான் நினைத்தாள். பின்னே? முப்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஆள், இஸ்திரி கலையாத சட்டை, எதிரே இருந்த விளக்குக் கம்பத்தைப் பார்த்து உருகி உருகிப் பேசிக்கொண்டிருந்தால் வேறென்ன நினைப்பதாம்?

"நீ போறப்ப நான் ஏன் தடுக்கலைன்னு கேக்குற, இல்ல?..." என்றான் கம்பத்திடம்.

அதோடு நின்றுவிட்டான். மேல் பொத்தானை விரலால் பிடித்தபடி அப்படியே நின்றான். மழை பெய்தது... ஒரு பஸ் வந்து போனது... ஆள் அசையவில்லை.

பெஞ்சின் மேல் ஒரு நோட்டு விரிந்து கிடந்தது. அவளுக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. எட்டு வருஷமாக அடுத்தவர் எழுத்தில் விடுபட்டதைத் தேடித் தேடி நிரப்புகிற கண். சும்மா இருக்குமா? எட்டிப் பார்த்துப் படித்தே விட்டாள்.

"தடுக்கத் தெரியல. அவ்வளவுதான்."

சடாரென்று திரும்பினான்.

"உங்களை யாராவது கேட்டாங்களா?"

"நின்னுட்டீங்களே... மறந்துட்டீங்களோன்னு..."

"மறக்கலைங்க. இந்த இடத்துல நிறுத்தணும். இது மௌனம்!"

"மௌனமா? நடுவுல ஒரு பஸ்ஸே போயிடுச்சு சார்!"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். ஆனால் அவன் முறைத்தபோது அவளுக்கு வேறொன்று தட்டுப்பட்டது. அந்தக் கண்கள்... ஓரத்தில் லேசாகச் சரிந்து, கோபத்திலும் யாரையோ சமாதானப்படுத்துவது போலப் பார்க்கிற கண்கள். தினமும் சாயங்காலம் ஏழரைக்கு அம்மாவின் டிவியில் வருமே...

"ஐயையோ! நீங்க போன மாசம் செத்துப் போயிட்டீங்களே!"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு, அவனையும் மீறி, பக்கென்று சிரித்துவிட்டான்.

"ஆமாங்க. கார் விபத்து. உங்க வீட்ல யார் அழுதாங்க?"

"அம்மா. மூணு நாள் சரியா சாப்பிடலை."

"மன்னிச்சிடச் சொல்லுங்க" என்று நோட்டை மூடி, மழையிலேயே இறங்கி நடந்தான். திமிர் பிடிச்ச ஆளு... என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அவன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கால் மணி நேரம் கழித்துப் பக்கத்துத் தெரு நாடக அரங்கில் அவள் நுழைந்தபோது, மேடையில் தலை துவட்டிக்கொண்டிருந்தது சாட்சாத் அதே ஆள்.

"வாம்மா வா" என்றார் நாடகக் குழுவை நடத்தும் அவளுடைய சித்தப்பா. அவருடைய பிராம்ப்டர், அதாவது மேடையின் ஓரத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுப்பவர், வேலையை விட்டுப் போயிருந்தார். கண் கூர்மையாக இருக்கிற ஒருத்தி வேண்டுமென்று அண்ணன் மகளைக் கூப்பிட்டிருந்தார். "இவர்தான் நம்ம கதாநாயகன். ஒன்பது வருஷம் சீரியல்ல பெரிய மாப்பிள்ளையா வந்தாரே, அவர்."

"தெரியும் சித்தப்பா. இப்பத்தான் திட்டு வாங்கிட்டு வரேன்."

பெரிய மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டான். "டீச்சர், ஒரே ஒரு விண்ணப்பம். நான் கேட்டாலொழிய நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"டீச்சரா?"

"தப்பு கண்டுபிடிக்கிறவங்களை வேற எப்படிக் கூப்பிடறது?"

அன்றிலிருந்து குழுவில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான்.

அரங்கேற்றத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அச்சகம் முடிந்து ஐந்து மணிக்கு வந்துவிடுவாள். நடிகனுக்கு வலது கைப்பக்கம், திரையோரம் அவள் நாற்காலி. மடியில் நாடகப் பிரதி, காதுக்கு மேல் பென்சில். நாலாம் நாள் இடைவேளையில் அவனே இரண்டு டம்ளர் டீயுடன் வந்து தரையில் உட்கார்ந்தான்.

"அன்னைக்குக் கத்தினது தப்புதான் டீச்சர். பயம்... அதான்."

"பயமா? உங்களுக்கா?"

"பத்தொன்பது வயசுல முழு நாடகத்தை மனப்பாடமா சொல்வேன். அப்புறம் சீரியல். அங்க காலையிலதான் வசனம் எழுதி வரும். மனப்பாடம் பண்ண நேரமேது? கேமராவுக்குப் பக்கத்துல, என் இடது கைப்பக்கம் ஒரு அசிஸ்டென்ட் நின்னு வரிவரியா வாசிப்பாரு. நான் அதை அப்படியே திருப்பிச் சொல்வேன். ஒன்பது வருஷம்! ஒரு நாள் கண்ணாடி முன்னால நின்னு யோசிச்சேன்... சொந்தமா ஒரு வரிகூட ஞாபகத்துல இல்ல." டம்ளரைக் கையில் உருட்டினான். "நானேதான் போய், கதையில என்னைக் கொன்னுடுங்கன்னு கேட்டேன். இந்த மேடையும் கைவிட்டுடுச்சுன்னா நான் நடிகனே இல்லைங்க. வெறும் கிளி."

சித்தப்பாவும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். அரங்கேற்றத்தன்று தடுமாறினால் மறுநாள் அந்த வேஷத்தில் வேறு ஆள். அவருக்கு நாடகம்தான் பெரிசு, முகதாட்சண்யம் எல்லாம் அப்புறம்.

அன்று முதல் அவள் வசனத்தைவிட அவனைத்தான் அதிகம் படித்தாள். மௌனத்தில் நிற்கும்போது விரல் மேல் பொத்தானைப் பிடிக்கும். பார்வை எதிரே நிலைத்திருக்கும். மறந்துபோனாலோ... கண்கள் இடது பக்கம் நழுவும். அங்கே யாரும் இல்லை. பழைய அசிஸ்டென்டைத் தேடுகிற கண்கள் அவை! மனுஷன் எவ்வளவு தனியாக நிற்கிறான் அங்கே...

கண் நழுவிய இடங்களில் எல்லாம் பிரதியில் சின்னதாகப் பென்சில் வட்டம் போட்டாள். தனியாகக் கூப்பிட்டு, அந்த இடங்களை மட்டும் சேர்ந்து படிக்கலாமா என்று கேட்பதாகத்தான் எண்ணம்.

ஆனால் அரங்கேற்றத்துக்கு இரண்டு நாள் முன்பு, சித்தப்பா எதேச்சையாகப் பிரதியை எடுத்துப் புரட்டினார்.

"என்னம்மா இது, ஏழு வட்டம்? ஏழு இடத்துலயா தம்பி இன்னும் மறக்குது?"

எல்லோரும் திரும்பினார்கள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "இல்ல சித்தப்பா, அது வந்து..."

"கணக்கா எழுதி வச்சிருக்கீங்க" என்றான் அவன். குரல் உயரவே இல்லை. அதுதான் இன்னும் வலித்தது. "பிழை பார்க்கிறது உங்க தொழில், சரி. அதுக்காக மனுஷனையுமா அச்சுத்தாள் மாதிரி பார்ப்பீங்க? நாளன்னைக்கு உங்க குரல் என் காதுல விழவே கூடாது."

"விழாது" என்றாள். அவளுக்கும் ரோஷம் உண்டே.

வீட்டுக்கு வந்து முகம் கொடுக்காமல் உட்கார்ந்தவளிடம் அம்மா விடாமல் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டாள்.

"அந்தப் புள்ளையா திட்டுச்சு? பொண்டாட்டியை ஒரு சொல் சொல்லாத புள்ளையாச்சே!"

"அது கதைம்மா."

"கதையோ என்னவோ, நான் அழுதது நிஜம்தானேடி." அம்மா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "இப்ப நீ அழறதும்தான்."

அவள் எழுந்து முகம் கழுவப் போனாள்.

அரங்கேற்றம், மதியம் மூன்று மணிக்கு. அரங்கு நிறைந்திருந்தது. ஏழு வட்டங்களையும் அவன் தாண்டிப் போனான்! ஒவ்வொன்றையும் தாண்டும்போது அவள் மூச்சை விட்டாள். கோபத்திலாவது உட்கார்ந்து மனப்பாடம் செய்திருக்கிறான், நல்லா இருக்கட்டும்.

கடைசிக் காட்சி. பல வருஷம் கழித்துத் திரும்பி வந்த மனைவி எதிரே நிற்கிறாள்.

"நீ போறப்ப நான் ஏன் தடுக்கலைன்னு கேக்குற, இல்ல?..."

மௌனம். விரல் பொத்தானில். அரங்கமே அடங்கிக் கிடந்தது. முன்வரிசையில் சித்தப்பா திருப்தியாகத் தலையாட்டினார்.

அப்போது அவள் பார்த்தாள். பொத்தானிலிருந்து விரல் நழுவியது. கண்கள் மெல்ல... மெல்ல... இடது பக்கம் போயின.

கடவுளே. மறந்துவிட்டான்!

யாருக்கும் தெரியவில்லை. எதிரே நின்ற நடிகைகூட வழக்கமான மௌனம் என்றே நின்றாள். அந்த அரங்கத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். குரல் கொடுத்தால் முன்வரிசை வரை கேட்கும், அவன் வேஷம் போச்சு. கொடுக்காவிட்டாலும் போச்சு. போதாததற்கு 'விழாது' என்று கொடுத்த வாக்கு வேறு.

பிரதியை நாற்காலியில் போட்டாள். செருப்பை உதறினாள். பின்திரைக்குப் பின்னால், மேஜை நாற்காலிகளுக்கு நடுவே, ஓசைப்படாமல் ஒரே ஓட்டம். இடது ஓரத்தில், அவன் கண்கள் தேடிக்கொண்டிருந்த அதே இடத்தில் போய் நின்றாள்.

அவன் பார்த்தான். ஒன்பது வருஷமாக யாரோ நின்ற இடத்தில் மூச்சிரைக்க, வெறுங்காலோடு, அவள்.

அவள் குரலே எழுப்பவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. தடுக்க...

அவன் கண்கள் பளபளத்தன. "தடுக்கத் தெரியல" என்றான், குரல் உடைந்து. "அவ்வளவுதான்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

கூட்டம் கலைவதற்குள் அவள் கிளம்பிவிட்டாள். அதே பஸ் ஸ்டாப். வெயில் சாயும் நேரத்தில் லேசாகத் தூறல். பின்னாலேயே காலடிச் சத்தம் கேட்டது. மேக்கப்கூடக் கலைக்காமல் ஓடி வந்திருந்தான், கையில் அவளுடைய செருப்போடு.

"விட்டுட்டு வந்துட்டீங்க" என்று குனிந்து அவள் கால் அருகே வைத்தான். அப்போதுதான் அவளுக்கே தன் வெறுங்கால் ஞாபகம் வந்தது.

"சித்தப்பா என்ன சொன்னாரு?"

"அந்த மௌனம் மாதிரி பார்த்ததில்லைன்னாரு. நாளைக்கும் அதே அளவு வேணுமாம்." சிரித்தான். "அது மௌனம் இல்ல, மறந்துட்டேன், காப்பாத்தினது டீச்சர்னு உள்ளதைச் சொல்லிட்டேன்."

"ஐயோ! ஏன் சொன்னீங்க? வேஷம்?"

"ஒரு நிமிஷம் முறைச்சாரு. அப்புறம், மறந்துட்டு இப்படி நிக்கத் தெரிஞ்சவன் நடிகன்தான், ஆனா எங்க அண்ணன் பொண்ணு வரலைன்னா நீயும் வராதேன்னுட்டாரு." குரல் தணிந்தது. "அந்த வட்டமெல்லாம் எனக்காகத்தான் போட்டீங்கன்னு இப்பத்தான் புரிஞ்சுது. மன்னிச்சிடுங்க டீச்சர்."

"பரவாயில்ல."

"இன்னொண்ணும் சொல்லணும். எனக்கு... உங்களை..."

நின்றுவிட்டான். அவள் பார்த்தாள். விரல் பொத்தானில் இல்லை. கண்கள் இடது பக்கமும் போகவில்லை. நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. இது அவள் பிரதியில் இல்லாத இடம்.

பஸ் வந்தது. போனது.

"எடுத்துக் கொடுக்க மாட்டீங்களா?" என்றான் பரிதாபமாக.

"மாட்டேன். இது உங்க சொந்த வசனம்."

அவன் மூச்சை இழுத்து விட்டான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப. இதே இடத்துல முதல் நாள் மழையில என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தீங்களே, அப்பவே. என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

அவள் பேசவில்லை. தூறல் கூரையில் பட்டுக்கொண்டே இருந்தது. அவன் முகத்தில் கலவரம் ஏறியது.

"டீச்சர்... என்னாச்சு? சொல்ல வந்தது மறந்துடுச்சா?"

"மறக்கலைங்க" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தணும்."

நிறுத்தினாள். அப்புறம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. பண்ணிக்கிறேன்" என்றாள்.