பூங்காவுக்கு விட்ட மூலை

ஆனேக்கல் சாலையிலிருந்து பிரிந்த மண்பாதையில் கார் நின்றபோது வானம் மூட்டமாக இருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வரைபடம் போடும் லாவண்யா, அதில் கையெழுத்திடும் முன் நிலத்தைப் பார்க்க வந்திருந்தாள்.

கட்டும் கம்பெனியின் மேனேஜர் எத்திராஜ் சிரித்தபடி எதிரே வந்தார்.

"ரோடு அகலம் சரியா இருக்கு மேடம். ராஜகால்வாய், அதான் பெரிய மழைத்தண்ணிக் கால்வாய், ரொம்பத் தள்ளி. ரூல்படி பார்க்குக்கு இடம் விடணுமில்ல? அந்த மூலைய விட்டாச்சு. கீழ தண்ணித் தொட்டி, மேல பசங்க விளையாடட்டும்."

அந்த மூலையில் புல் மூடிய சிறுசிறு மேடுகள் இருந்தன. எல்லாமே தொட்டிலளவுதான்.

தொட்டிக்காக அங்கே மண் பரிசோதனைக் குழி துளைத்துக்கொண்டிருந்தார்கள். துளைக்குழாய் மேலே வந்தது. அதில் மண் இல்லை. திரிந்துபோன வெள்ளைக் கட்டிகள் வழுவழுவென்று சரிந்தன. நாள்பட்டுப் புளித்த பாலின் நாற்றம். அதற்கடியில் இன்னொரு நாற்றம். அது என்னவென்று லாவண்யா நினைக்க விரும்பவில்லை. ஈக்கள் பறந்து வந்து அவள் உதட்டில் உட்கார்ந்தன.

வேலிக்கு வெளியே ஒரு பெண் தூக்குவாளியுடன் நின்றிருந்தாள்.

"எத்தினி வாட்டி சொல்றது லட்சுமம்மா, இங்க வராதேன்னு?" எத்திராஜ் கத்தினார்.

"யாரும்மா நீங்க?" என்றாள் லாவண்யா.

"பக்கத்து ஹள்ளி தாயி. பல்லு முளைக்காத கூசுங்கள, பச்சப் புள்ளைங்கள, நாங்க சுடறதில்ல, இங்கதான் புதைப்போம். எம்பொண்ணும் இங்கதான் தூங்குது. அமாவாசைக்குப் பால் ஊத்துவேன். வேலி போட்டதிலேருந்து உள்ளயே விடறதில்ல."

எத்திராஜ் சிரித்தார். "மேப்புல இது காலி இடம் மேடம். குழந்தைங்க இடத்தைக் குழந்தைங்களுக்கே குடுத்துட்டோம். என்ன தப்பு?"

குழிக்குள்ளிருந்து ஓசை வந்தது.

சப்... சப்... சப்...

பால் வற்றிய முலையைச் சப்பும் ஓசை.

துளைத்தவர்கள் பின்வாங்கினார்கள். "சிமெண்ட் ஊத்தி அடைங்கப்பா!" என்றார் எத்திராஜ். யாரும் அசையவில்லை. குழியை மூட வைத்திருந்த சாந்து வாளியை அவரே தூக்கிக் கவிழ்த்தார்.

ஓசை நின்றது.

பிறகு விக்கல் எழுந்தது.

ஒரே ஒரு தொண்டையிலிருந்து அல்ல.

லாவண்யாவுக்கு நாற்றம் மறந்துபோயிற்று. இப்போது அவளுக்கு அருவருப்பாக இருந்தது சாந்து வாளியைப் பிடித்திருந்த எத்திராஜின் கைதான். மண்டியிட்டாள். "முருகா, முருகா" என்று முனகியபடி முழங்கைவரை உள்ளே விட்டுச் சாந்தை வாரி வாரி வெளியே போட்டாள். வழுக்கலாக, மிக மிருதுவாக ஏதோ ஒன்று அவள் விரல்களைத் தடவித் தேடிவிட்டு விலகியது.

கையை இழுத்துக்கொள்ளவில்லை. "வாங்கம்மா, ஊத்துங்க" என்றாள்.

லட்சுமம்மா வேலிக்கம்பியை விலக்கி நுழைந்து தூக்குவாளியைச் சாய்த்தாள். "குடி கந்தா, குடி கொழந்தே" என்று கிசுகிசுத்தாள்.

விக்கல் மெல்ல அடங்கியது.

லாவண்யா எழுந்தாள். "இந்த மூலைய இப்படியே விடணும். இவங்க வந்து போக வழி விடணும். இல்லேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நீங்க போடலேன்னா பெங்களூர்ல வேற ஆளா இல்ல? நாளைக்கே போட்டுடுவாங்க மேடம்." எத்திராஜ் தன் காரை நோக்கி நடந்தார்.

பாதி வழியில் நின்று மார்பைச் சொறிந்தார்.

"சீ, எறும்பு பூந்துடுச்சு போல" என்று திரும்பினார்.

லட்சுமம்மா லாவண்யாவின் கையை இறுகப் பற்றினாள்.

எத்திராஜின் நீலச் சட்டையின் மார்பில் ஈரமான வட்டம் ஒன்று பரவிக்கொண்டிருந்தது. அதன் அருகில், சின்னஞ்சிறு கை பற்றியதுபோல், துணி கொத்தாகச் சுருங்கியிருந்தது.

சற்று நேரத்தில் மறுபக்கமும் நனைந்தது.